மூன்றாவது கம்பம் நின்றது

நேற்றுக் காலை எங்கள் பறவை வீட்டில் 7-ஆம் எண் அறையின் கடைசிக் குஞ்சும் பறந்து போனது. இரண்டு பருவத்தையும் ஒரு பெரும் புயலையும் தாண்டி, எங்கள் வீட்டுப் பின்பக்கப் புல்தரையில் அதைத் தாங்கும் கம்பம் நட்டபடியே நேராக நிற்கிறது. இதற்கு முன் நட்ட இரண்டும் உதவவில்லை. ஒன்று காற்றில் மடங்கியது. இன்னொன்று காற்றுக்குத் தாங்கியது, ஆனால் முட்டையை உடைத்தது. மூன்றையும் வரிசையாக எழுதிவைக்கிறேன். பர்ப்பிள் மார்ட்டின் பறவைக்கு வீடு வைக்க ஆசைப்படும் நம்மவர்கள் டாலஸ் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த வீடு வாங்கலாம், எத்தனை அறை வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கம்பத்தைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

நாங்கள் இருப்பது டாலஸுக்கு வடக்கே, காலின் கவுண்டியில். மார்ட்டின் நம் தகைவிலான் குடும்பத்துப் பறவை, வட அமெரிக்கத் தகைவிலான்களில் பெரியது. ஆண் பறவை வெயிலில் திரும்பும்போது கருநீலத்தில் மின்னும். குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவில், பிரேசில் பக்கம் கழித்துவிட்டு, பிப்ரவரியில் இங்கே வந்து இறங்கும். ராக்கி மலைக்குக் கிழக்கே இது மரப்பொந்தில் கூடு கட்டுவதை ஏறக்குறைய விட்டேவிட்டது. சாக்டா, சிக்கசா பழங்குடிகள் சுரைக்குடுக்கையைக் கம்பில் தொங்கவிட்ட காலத்திலிருந்தே மனிதர் வைத்த வீட்டுக்குப் பழகிப்போன பறவை. அதனால் நாம் வைத்த கம்பம் சாய்ந்தால் அதற்குப் போக்கிடம் எளிதில் கிடைக்காது. இதை நான் புரிந்துகொண்டது முதல் கம்பம் விழுந்த மறுநாள்தான்.

2022 ஜனவரியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் மகள் வீட்டோடு போய்விட்டார். பல வருடம் மார்ட்டின் வளர்த்தவர். அவருடைய மரக்கம்பம் அடியில் மட்கிப்போயிருந்தது. 12 அறை கொண்ட அலுமினிய வீட்டை மட்டும் என்னிடம் கொடுத்து, "பிப்ரவரி நடுவில் வந்துவிடுவார்கள், அதற்குள் ஏற்றிவிடு" என்றார். பறவைகளை அவர் எப்போதும் அப்படித்தான் ஆட்களைப்போலச் சொல்வார். குளியலறை எடைமேடையில் வைத்துப் பார்த்தேன், 29 பவுண்டு. இதற்கு எந்தக் கம்பி ஆனாலும் போதும் என்று நினைத்தேன். முதல் தவறு அங்கேதான்.

வீட்டின் எடையை மட்டும் பார்த்தேன், அதன் அகலத்தைப் பார்க்கவில்லை. இரண்டடிக்கு இரண்டடி தகரப் பெட்டியை 14 அடி உயரத்தில் வைத்தால் காற்றுக்கு அது பாய்மரம். நான் வாங்கியது கம்பிவலை வேலியின் மேல் ஓட்டத்துக்குப் போடும் குழாய். வெளிவிட்டம் 1⅜ அங்குலம், நீளம் பத்தரை அடி, ஒரு முனை சற்று ஒடுங்கியிருக்கும், அதை இன்னொன்றுக்குள் செருகிவிடலாம். விலை 27 டாலர், இரண்டு வாங்கினேன். ஒன்றரை அடி குழி தோண்டி, சீக்கிரம் இறுகும் கான்கிரீட் இரண்டு மூட்டையை உலர்வாகவே கொட்டி மேலே தண்ணீர் ஊற்றினேன். அரை மணி நேரத்தில் கல்லானது. மொத்தம் 68 டாலர், ஒரு சனிக்கிழமை.

பிப்ரவரி மூன்றாம் வாரம் ஓர் ஆண் வந்தது, பின்னாலேயே இரண்டு ஜோடி. மார்ச் கடைசியில் ஒரு நாள் இரவு இடியும் மழையும். விடிந்து பார்த்தால் கம்பம் செருகிய இடத்தில் முழங்கை மடக்கியதுபோல மடங்கி, வீடு புல்லில் கிடந்தது. மூன்று கதவு நசுங்கியிருந்தன. வானத்தில் நான்கு மார்ட்டின்கள். வீடு இருந்த அதே உயரத்தில், அதே இடத்தில், வெறும் காற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்று இறக்கையை மடக்கிக் கூரையில் இறங்குவதுபோல வரும், இறங்க ஒன்றும் இல்லாமல் மறுபடி மேலேறும். மத்தியானம்வரை அப்படியே நடந்தது. அடுத்த நாள் ஒன்றும் இல்லை. கூடு இன்னும் கட்டி முடியவில்லை, முட்டையும் இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

மடங்கிய இடத்தை வெட்டிப் பார்த்தேன். குழாயின் சுவர் 1/16 அங்குலம்கூட இல்லை. ஒடுக்கிய முனையில் அந்தக் கொஞ்சமும் நசுங்கிப் பலமிழந்திருந்தது. இணைப்பே இல்லாத ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். இதுவரை மாறாத முடிவு அது ஒன்றுதான்.

இரண்டாவது கம்பம் மரம். 4×4 என்று விற்கும் பதப்படுத்திய கட்டை, அளந்தால் மூன்றரை அங்குலச் சதுரம், 16 அடி நீளம், 38 டாலர். அதை இரண்டு எட்டடிக் கட்டைகளுக்கு நடுவே அரை அங்குலப் போல்ட்டில் கோத்தேன், ரயில்வே கேட்போலச் சாய்த்து இறக்கலாம். கட்டையும் போல்ட்டும் சேர்த்து 75 டாலர். பலம் போதுமானதாக இருந்தது. காற்றுக்கு அசையவில்லை. 2023 வசந்தத்தில் ஒரு ஜோடி தங்கியது.

வீட்டை ஏன் இறக்க வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். வாரம் ஒரு முறையாவது அறை அறையாகப் பார்த்தே ஆக வேண்டும், முக்கியமாகச் சிட்டுக்குருவிக்காக. இதை எழுதவே எனக்குச் சங்கடம். ஊரில் அம்மா சிட்டுக்குருவிக்கென்று முற்றத்தில் கதிர் கட்டித் தொங்கவிடுவாள். இங்கே அதே குருவி, ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது, மார்ட்டின் முட்டையைக் கொத்தி ஓட்டையிடுகிறது, குஞ்சைக் கொல்கிறது, அறையில் வைக்கோலைத் திணித்துக் குடியேறுகிறது. மார்ட்டினுக்கு வலசைப் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, சிட்டுக்குருவிக்கு இங்கே கிடையாது. அதன் கூட்டை முட்டையிடுமுன் எடுத்துப் போடுவது வீடு வைத்தவன் செய்தே ஆக வேண்டிய வேலை. செய்கிறேன். ஒவ்வொரு முறையும் அம்மா நினைவு வராமல் இருப்பதில்லை.

மே முதல் வாரம் 10-ஆம் அறையில் வைக்கோல் தெரிந்தது. பின்னைக் கழற்றி, கட்டையை மெதுவாக, மிக மெதுவாகச் சாய்த்தேன். வீடு தரையை நெருங்கும்போது உள்ளே ஏதோ நகரும் சத்தம், பல்லாங்குழியில் சோழி உருள்வதுபோல. மார்ட்டின் கூடு குருவிக்கூடுபோலப் பின்னிய கிண்ணம் இல்லை. கொஞ்சம் குச்சி, வாசலோரம் மண்ணால் சிறு வரப்பு, அதன்மேல் பச்சை இலை, அவ்வளவுதான். 4-ஆம் அறையைத் திறந்தேன். இலையெல்லாம் ஒரு மூலைக்குச் சரிந்திருந்தது. ஐந்து வெள்ளை முட்டைகளில் மூன்று உடைந்திருந்தன. மஞ்சள் கரு அலுமினியத் தரையில் வழிந்து இலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டையும் நடுவில் வைத்துத் தூக்கி நிறுத்தினேன். அந்த ஜோடி திரும்பி அடை காக்கவில்லை.

சாய்த்து இறக்கும் கம்பத்தை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வீடு கிணற்று வாளிபோல நேர்க்கோட்டில் ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்கினாலும் திசை மாறக் கூடாது. கிழக்கு பார்த்த வாசல் கிழக்கு பார்த்தே நிற்க வேண்டும், இல்லையென்றால் தாய்ப்பறவைக்குத் தன் அறை தெரியாது. உருண்டைக் குழாயில் காற்றடித்தால் வீடு சுழலும். அதனால்தான் சதுரம்.

மூன்றாவதுக்கு அவசரப்படவில்லை. 2023 அக்டோபரில் தொடங்கி ஜனவரியில் முடித்தேன்.

முதலில் இடம். வீட்டைவிட உயரமான எந்த மரத்திலிருந்தும் குறைந்தது 40 அடி தள்ளியிருக்க வேண்டும், மார்ட்டின் திறந்த வெளியில் வட்டமிட்டுத்தான் இறங்கும், மரத்தில் மறைந்திருந்து பாயும் வல்லூறும் அதற்குப் பயம். அதே சமயம் மனிதர் வீட்டைவிட்டு அதிகம் விலகவும் கூடாது, 100 அடிக்குள் நல்லது. டேப் வைத்து அளந்ததில் எங்கள் ஓக் மரத்துக்கும் சமையலறை ஜன்னலுக்கும் நடுவே ஒரே ஓர் இடம்தான் தேறியது. குடியிருப்போர் சங்கத்துக்குப் படம் வரைந்து அனுப்பி அனுமதி வாங்கினேன், இரண்டு வாரம் ஆனது. பிறகு 811-ஐக் கூப்பிட்டேன், தோண்டுமுன் மண்ணுக்குள் ஓடும் குழாயையும் கம்பியையும் குறித்துத் தரும் தொலைபேசிச் சேவை. இலவசம். இரண்டு வேலை நாளில் ஆள் வந்து புல்லில் வண்ணம் அடித்துவிட்டுப் போனார். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் தண்ணீர். பழைய மரக்கம்பம் நின்ற இடத்திலிருந்து நான்கடியில் மஞ்சள் கோடு ஓடியது. முதல் இரண்டு குழியையும் நான் இவர்களைக் கூப்பிடாமல்தான் தோண்டியிருந்தேன். கூப்பிடாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

அடுத்தது மண். இந்தப் பகுதி மண் அச்சு அசல் நம் கரிசல். மழையில் ஊதும், ஆகஸ்டில் வெடிக்கும். இங்கே கோடையில் வீட்டு அஸ்திவாரத்தைச் சுற்றிச் சொட்டுக்குழாய் போட்டுத் தண்ணீர் விடுகிறார்கள், மண் சுருங்கி வீடு விரிசல் விடாமல் இருக்க. முதல் கம்பத்தின் ஒன்றரை அடிக் கான்கிரீட்டைத் தோண்டி எடுக்கும்போது அது பல் ஆடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது. கோவில்பட்டிப் பக்கம் கொத்தனார் வேலை பார்த்த அப்பாவிடம் வீடியோவில் குழியைக் காட்டினேன். "ஏய்யா, அடி அகலமா இருக்கட்டும். கரிசல் மேலதான் ஆடும், அடியில அடங்கிக் கெடக்கும்" என்றார். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்று பரப்பிய, அடி பருத்த தூண் முறையும் இதேதான். அப்பா அதைப் படித்தவர் இல்லை, மண்ணைப் பார்த்தவர்.

குழி 42 அங்குல ஆழம். கவ்வித் தோண்டும் இரட்டைக்கை மண்வெட்டியால் முதல் இரண்டடி அரை மணியில் போனது. கீழே போகப் போகக் களிமண் கருவியை விடவே இல்லை. கடப்பாரையால் குத்தி, ஒரு கரண்டியைக் கழியில் கட்டிச் சுரண்டி, அடியில் ஓரடி உயரத்துக்கு மட்டும் 16 அங்குல அகலமாக்கினேன். அந்த ஓரடிக்கு ஒரு முழு நாள். அடியில் 6 அங்குலம் ஜல்லி. மேல் இரண்டடிக்கு 12 அங்குல அட்டைக் குழாய், களிமண் ஊதும்போது கான்கிரீட்டைப் பிடித்து இழுக்காமல் இருக்க.

இனி இரும்பு. கம்பம் 2 அங்குலச் சதுரக் குழாய், சுவர் ⅛ அங்குலம், 20 அடி ஒரே நீளம், 92 டாலர். அடிக்கு மூன்று பவுண்டு எடை. இதைவிட மெல்லிய 14 கேஜ் மலிவாகக் கிடைத்தது. கடைக்காரர் இரண்டையும் மரப்பலகைமேல் வைத்து நடுவில் என்னை அழுத்தச் சொன்னார், வித்தியாசம் கைக்கே தெரிந்தது. தரையில் புதைக்கும் உறைக்கு 2½ அங்குலச் சதுரம். இதில்தான் கிட்டத்தட்டத் தவறியிருப்பேன். சுவர் ¼ அங்குலம் என்றால் உள்ளளவு சரியாக 2 அங்குலம், 2 அங்குலக் கம்பம் அதில் இறங்காது. 3/16 என்றால் உள்ளளவு 2⅛, கம்பத்துக்கு நான்கு பக்கமும் 1/16 இடம். அதிலும் ஒரு சிக்கல்: இந்தக் குழாய்களின் உள்ளே ஒரு பக்கம் வெல்டிங் தழும்பு நெடுக ஓடும். வீட்டுக்கு வந்து செருகினால் ஓரடியில் நின்றுவிட்டது. அரத்தை ஒரு கம்பியில் கட்டி இரண்டு மாலை ராவினேன். அடுத்த முறை கடையிலேயே செருகிப் பார்த்துத்தான் காசு கொடுப்பேன்.

உறை நாலடி. மூன்றடி மண்ணுக்குள், ஓரடி வெளியே. கீழ்முனை ஜல்லியில் நிற்க வேண்டும், உள்ளே இறங்கும் மழைநீர் வடிய. அடியிலிருந்து ஓரடி உயரத்தில் குறுக்கே ஒரு போல்ட், கம்பம் அதன்மேல் உட்காரும். கான்கிரீட் ஊற்றுமுன் இரண்டு முனையையும் டேப்பால் மூடினேன், அடிமுனை டேப்பைக் கத்தியால் கீறிவிட்டு. 80 பவுண்டு மூட்டை ஐந்து, மூட்டைக்குச் சுமார் 3 லிட்டர் தண்ணீர், இந்த முறை தள்ளுவண்டியில் கலக்கித்தான் போட்டேன். மகள் ரசமட்டத்தை உறையின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து "அப்பா, குமிழி ஓடுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கான்கிரீட்டைக் குத்தக் குத்த உறை நகரும், நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்துப் பிடித்தோம். மேல்பக்கம் தண்ணீர் தேங்காமல் சரிவாகப் பூசினேன். ஒரு வாரம் தொடவில்லை.

கம்பத்தை 17 அடிக்கு வெட்டினேன். மூன்றடி உறைக்குள் போகும், அதில் ஓரடி தரைக்கு மேலே, ஆகத் தரையிலிருந்து உச்சி 15 அடி. உறைக்கும் கம்பத்துக்கும் நடுவிலிருந்த அந்த 1/16 இடைவெளி உச்சியில் நல்ல ஆட்டமாகத் தெரிந்தது. சோடா டப்பா அலுமினியத்தை வெட்டி மடித்து நாலு பக்கமும் சொருகி, ⅜ போல்ட் இரண்டு குறுக்கே போட்டு இறுக்கியதும் ஆட்டம் நின்றது. 51 பவுண்டுக் கம்பத்தைத் தூக்கி உறைக்குள் இறக்க மூன்று பேர் வேண்டும். இரண்டு பேரோடு முயன்று, விரல் நசுங்கி, மறுநாள் நண்பரைக் கூப்பிட்டேன்.

உச்சியில் கப்பி, அதில் ⅛ அங்குலத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிவடம், கீழே கையால் சுற்றும் வின்ச். கைப்பிடியை விட்டாலும் வடம் அவிழாத, தானே பிடித்துக்கொள்ளும் வகை வின்ச்சாகப் பாருங்கள். அதை முதலில் இடுப்பு உயரத்தில் மூன்றடியில் பொருத்தினேன், சுற்ற வசதியாக. அதுவும் தவறு. பாம்புத் தடுப்புக்கு இடமில்லாமல் போனது. இங்கே உள்ள ராட் ஸ்நேக் நம்மூர்ச் சாரைபோல நீளமானது, வழுவழுப்பான இரும்பிலும் ஏறும். அதற்கு 8 அங்குல விட்டமுள்ள அடுப்புப் புகைக்குழாயை இரண்டடி நீளத்துக்குக் கம்பத்தைச் சுற்றித் தொங்கவிட வேண்டும், மேல்பக்கம் மூடியிருக்க வேண்டும், லேசாக ஆட வேண்டும். வின்ச் அதற்குக் கீழே இருந்தால் வடமும் கைப்பிடியுமே பாம்புக்கு ஏணி. ஓட்டைகளை மறுபடி போட்டு வின்ச்சை ஐந்தடிக்கு உயர்த்தினேன், தடுப்பு அதற்குக் கீழே. பழைய ஓட்டைகளை எப்பாக்சியால் அடைத்தேன், மழை உள்ளே போகாமல்.

வீடு கம்பத்தில் உரசாமல் வழுக்கி ஏற, வீட்டின் நடுவில் கம்பம் நுழையும் உறையின் உள்பக்கம் சமையலறைப் பிளாஸ்டிக் வெட்டுப்பலகையைப் பட்டையாக அறுத்து ஒட்டினேன். பல நாள் யோசித்துத் தோன்றிய யோசனை, இரண்டு வருடமாகச் சத்தமே இல்லாமல் ஏறி இறங்குகிறது.

மூன்றாவதன் கணக்கு: கம்பம் 92, உறை 34, கான்கிரீட் 30, அட்டைக் குழாய் 14, ஜல்லி 5, வின்ச் 48, கப்பி 16, வடமும் கிளாம்பும் 22, போல்ட் 12, துத்தநாக ஸ்பிரேயும் வண்ணமும் 23, புகைக்குழாய்த் தடுப்பு 24. ஆக 320 டாலர். முன் இரண்டையும் சேர்த்தால் 463. முதலிலேயே இதைச் செய்திருந்தால் 143 டாலர் மிச்சம். அந்த ஐந்து முட்டைகளும் மிச்சம்.

2024-இல் மூன்று ஜோடி வந்தன. அந்த மே 28 விடிகாலையில் டாலஸ் பகுதியை அடித்த புயலில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது நினைவிருக்கும். சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். மின்னலடிக்கும்போது மட்டும் கம்பம் தெரியும். உச்சி ஒரு சாண் சாய்ந்து திரும்புகிறது, மறுபடி சாய்ந்து திரும்புகிறது. உள்ளே பதினொரு குஞ்சுகள் இருந்தன. அடுத்த தெருவில் ஒரு வேலி முழுவதும் படுத்துவிட்டது. வெளிச்சம் வந்ததும் ரசமட்டத்தோடு ஓடினேன். குமிழி நடுவில் நின்றது. சற்று நேரத்தில் ஒரு பெண் பறவை தும்பி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து 4-ஆம் அறைக்குள் நுழைந்தது.

அந்த ஆகஸ்டில் கான்கிரீட்டைச் சுற்றி மண் விட்டிருந்த வெடிப்பில் இரண்டு விரல் நுழைந்தது. அப்போதும் குமிழி அசையவில்லை.

இந்த வருடம் ஐந்து ஜோடி. வாரா வாரம் இறக்கிப் பார்த்தோம். மூத்த குஞ்சுக்கு 22 நாள் ஆனதும் அந்த அறைப் பக்கம் போவதை நிறுத்திவிட வேண்டும், பயந்துபோய் நாளாகுமுன்னே குதித்துவிடும். எந்த அறையில் எப்போது முட்டை, எப்போது குஞ்சு என்று மகள் சுவரில் தாள் ஒட்டி எழுதிவைத்திருக்கிறாள்.

மறுபடி செய்தால் இரும்பை வெட்டி ஓட்டை போட்ட பிறகு மொத்தமாகத் துத்தநாக முலாம் பூசக் கொடுப்பேன். ஸ்பிரே உறையின் வாயருகே இப்போதே உரிந்து துரு தெரிகிறது. உறையை இன்னும் அரையடி மேலே விடுவேன், புல் வெட்டும் இயந்திரம் போல்ட்டில் இடிக்கிறது. வடத்தில் கப்பி தொடும் இடத்தில் ஓர் இழை விட்டிருக்கிறது, அதை இந்தக் குளிர்காலத்தில் மாற்ற வேண்டும். ஜனவரிக்குள் முடித்துவிட வேண்டும். பிப்ரவரி நடுவில் வந்துவிடுவார்கள்.